கயிறு பிடிப்பவர்: பாக் நீரிணை நெடுநீச்சலின் வரலாறு

முத்துக் குளிக்க இறங்குபவர் தன் கயிற்றின் மறுமுனையை மைத்துனரின் கையில்தான் கொடுப்பார் என்று மன்னார் வளைகுடாக் கரையோரங்களில் சொல்வது வழக்கம். உடன்பிறந்தவன்கூட ஒரு கணம் கண் அயர்ந்துவிடலாம். சகோதரியின் தாலி அந்தக் கயிற்றில் தொங்குவதால் மைத்துனன் அயரமாட்டான் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். எல்லாத் தோணிகளிலும் மைத்துனர்களே கயிறு பிடித்தார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. நீருக்குள் இருப்பவரின் உயிர் தோணியில் இருப்பவரின் கவனத்தில் இருக்கிறது என்ற பட்டறிவை அந்தச் சொல் சேமித்து வைத்திருக்கிறது. அதுவே போதும்.

இதே கரையில் கடந்த எழுபது ஆண்டுகளில் வேறொரு வகைக் கடற்செயல் வளர்ந்திருக்கிறது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலுள்ள கடலை நீந்திக் கடப்பது. மாரத்தான் ஓட்டத்தின் பெயரைக் கடன் வாங்கி இதை மாரத்தான் நீச்சல் என்கிறார்கள். இதன் வரலாறு பெரும்பாலும் பெயர், தேதி, மணிக்கணக்கு ஆகிய மூன்றாகச் சுருங்கி, பொது அறிவுப் புத்தகங்களின் ஒரு வரியாக நின்றுவிட்டது. அந்த வரியில் இடம்பெறாத இரண்டு விஷயங்களைப் பற்றியே இங்கே எழுத விரும்புகிறேன். ஒன்று, கடலும் காற்றும் மாறும்போது என்ன செய்வது என்பது. மற்றொன்று, பத்து மணி நேரமும் இருபத்தைந்து மணி நேரமும் நீந்துபவர் வழியில் எதை உண்பது என்பது. இரண்டையும் முடிவு செய்வது பெரும்பாலும் நீந்துபவர் அல்லர்; தோணியில் இருப்பவர்.

*

முதலில் அந்தக் கடல். 1763 முதல் 1767 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ராபர்ட் பாக் என்பவரின் பெயரை நீரிணை தாங்கி நிற்கிறது. இராமேசுவரம் தீவின் வடக்கே இருப்பது பாக் விரிகுடா. தெற்கே இருப்பது மன்னார் வளைகுடா. ஆழம் குறைந்து, பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும் வடகடலைப் பெண் கடல் என்றும், அலை ஓங்கிய தென்கடலை ஆண் கடல் என்றும் இப்பகுதி மீனவர்கள் அழைப்பார்கள். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நேர்க்கோட்டில் சுமார் 30 கிலோமீட்டர். இந்தக் கோடு இரண்டு கடல்களும் சந்திக்கும் இடத்தில், சேது என்றும் ஆதம் பாலம் என்றும் சொல்லப்படும் மணல் திட்டுகளை ஒட்டிச் செல்கிறது.

சந்திக்கும் இடம் என்பதுதான் சிக்கல். வடகிழக்குப் பருவக்காற்றின்போது நீரோட்டம் பாக் விரிகுடாவிலிருந்து தெற்கே இறங்குகிறது. தென்மேற்குப் பருவத்தில் வடக்கே திரும்புகிறது. திட்டுகளுக்கு இடையிலான குறுகிய வழிகளில் அதன் வேகம் கூடுகிறது. பெண் கடலின் அடக்கத்தை நம்பிவிடவும் முடியாது. ஆழமில்லாத நீரில் காற்று எழுந்தால், நெருக்கமான, குத்தலான அலைகள் சிறிது நேரத்திலேயே கிளம்பிவிடும். நீந்துபவர் மூச்சுக்காக வாயைத் திறக்கும் கணத்தில் முகத்தில் அடிப்பவை இத்தகைய அலைகளே. எனவேதான் வாடை ஓய்ந்து, கச்சான் இன்னும் தொடங்காத பங்குனி, சித்திரை மாதங்களே கடப்பதற்கு உகந்த காலம். இக்கட்டுரையில் வரும் நீச்சல்களில் பெரும்பாலானவை மார்ச்சிலும் ஏப்ரலிலும் நடந்திருப்பதை வாசகர்கள் கவனிக்கலாம்.

இந்தக் கடல் தவறான மாதத்தில் என்ன செய்யும் என்பதற்கு 1964 டிசம்பர் 22 இரவே சாட்சி. அன்றைய புயல் தனுஷ்கோடி ஊரை அழித்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலை நூற்றுக்கும் மேற்பட்டவர்களுடன் கொண்டுபோனது. 1914 முதல் சென்னையையும் கொழும்பையும் இணைத்த போட் மெயில் பயணத்தின் கப்பல்துறை அந்த ஊரில்தான் இருந்தது. பாம்பன் பாலத்தைப் பொறியாளர் ஈ. ஸ்ரீதரனின் பொறுப்பில் 46 நாட்களில் சீரமைத்தார்கள். தனுஷ்கோடியை யாரும் சீரமைக்கவில்லை.

*

பாக் நீரிணையை முதலில் நீந்திக் கடந்தவர் யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றைச் சேர்ந்த முருகுப்பிள்ளை நவரத்தினசாமி. 1954 மார்ச்சில் வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு, ஏறக்குறைய 27 மணி நேரத்தில் நீந்தினார். தலைமன்னார் வழியைவிட நீண்ட வழி இது. இந்தியாவின் பாடநூல்களும் வினாடி வினாக்களும் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வந்த மிகிர் சென்னிலிருந்து கதையைத் தொடங்குவதால் நவரத்தினசாமியின் பெயர் இக்கரையில் அதிகம் கேட்கப்படுவதில்லை.

மிகிர் சென் புருலியாவில் பிறந்த வங்காளி; இங்கிலாந்துக்குச் சட்டம் படிக்கப் போனவர். பலமுறை தோற்ற பின், 1958 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலக் கால்வாயைக் கடந்த முதல் இந்தியரானார். 1966-இல் ஒரே ஆண்டில் ஐந்து நீர்வழிகளைக் கடக்கத் திட்டமிட்டார். அவற்றுள் முதலாவது நம்முடையது. ஏப்ரல் 5 அன்று தலைமன்னாரில் இறங்கியவர், 25 மணி நேரத்துக்கும் மேலாக நீந்தி, மறுநாள் தனுஷ்கோடியில் கரையேறினார். புயல் கடந்து பதினைந்து மாதங்களே ஆகியிருந்தன. ஓர் ஊரின் இடிபாட்டுக்குத்தான் அவர் நீந்தி வந்து சேர்ந்தார்.

அந்த நீச்சலில் அவருடன் வந்தவை இந்தியக் கடற்படையின் சுகன்யா, சாரதா என்ற இரண்டு கப்பல்கள். பிரதமர் இந்திரா காந்தியின் தலையீட்டால் கிடைத்த உதவி அது. துணைக் கலம் அலங்காரத்துக்காக வருவதல்ல. நீரின் மட்டத்தில் தலையை வைத்திருப்பவருக்குச் சில நூறு மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாது. நீரோட்டம் பக்கவாட்டில் இழுப்பதை அவர் உடல் உணராது. கரை எங்கே, காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது, இப்போது நிறுத்திவிடலாமா என்பவற்றுக்கு விடை தோணியிலோ கப்பலிலோதான் இருக்கிறது. கூடவே உணவும்.

*

இருபத்தைந்து மணி நேரத்துக்கு என்ன உணவு? இந்தக் கேள்விக்கு உலகம் விடை கண்ட கதை சுவாரசியமானது. பல இடங்களில் கொடூரமானதும்கூட.

1875 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை முதலில் நீந்திக் கடந்த மேத்யூ வெப் வழியில் அருந்தியவற்றுள் பிராந்தி, காப்பி, மாட்டிறைச்சிச் சாறு ஆகியவை இருந்தன. அவர் 21 மணி 45 நிமிடம் தாங்கியது பிராந்தியால் அல்ல, பிராந்தியையும் மீறி என்றே இன்றைய மருத்துவர் சொல்வார். 1904-இல் செயிண்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் நிலைமை இன்னும் மோசம். புழுதிச் சாலை, 30 டிகிரியைத் தாண்டிய வெயில். வழியில் தண்ணீர் கிடைத்த இடங்களோ மிகச் சில. போட்டியை நடத்தியவர்களுக்கு நீரிழப்பின் விளைவை ஆராயும் ஆசையும் இருந்தது. ஓடிய 32 பேரில் 14 பேரே முடித்தார்கள். வென்ற தாமஸ் ஹிக்ஸுக்கு அவருடைய உதவியாளர்கள் வழியில் கொடுத்தவை முட்டை வெள்ளைக்கருவும் பிராந்தியும் எட்டிக்கொட்டையின் நஞ்சான ஸ்ட்ரிக்னினும். கயிறு பிடிப்பவருக்கு அன்பு மட்டும் இருந்து அறிவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

திருப்பம் பாஸ்டனில் வந்தது. 1924-இல் அங்கே மாரத்தான் ஓடி முடித்தவர்களின் ரத்தத்தை மருத்துவர்கள் சோதித்தார்கள். வெளிறி, நடுங்கி, தள்ளாடி வந்தவர்களின் ரத்தத்தில் சர்க்கரை மிகவும் தாழ்ந்திருந்தது. மறு ஆண்டு, ஓட்டத்துக்கு முன்பு மாவுச்சத்து மிகுந்த உணவும் ஓட்டத்தின் நடுவே மிட்டாயும் கொடுத்துப் பார்த்தார்கள். ஓடியவர்கள் தெளிவாக வந்து சேர்ந்தார்கள். இன்றைய ஓட்டக்காரர்களின் சட்டைப்பையில் இருக்கும் இனிப்புக் கூழ்ப் பொட்டலங்களுக்கெல்லாம் மூதாதை அந்த மிட்டாய்தான்.

அதன் பின்னுள்ள கணக்கு எளிது. நம் தசையும் கல்லீரலும் சேமித்து வைக்கும் சர்க்கரை ஏறக்குறைய அரைக் கிலோவுக்கு மேல் போகாது. வேகமாக ஓடுபவருக்கு அது முப்பது கிலோமீட்டர் சுமாரில் தீர்ந்துவிடும். நிதானமாக நீந்துபவர் கொழுப்பையும் சேர்த்து எரிப்பார் என்றாலும், சர்க்கரை முற்றிலும் வற்றினால் தசையோடு மூளையும் தடுமாறும், திசை குழம்பும், பிடிவாதமும் வரும். எனவே மணிக்கு 30 முதல் 60 கிராம், பழகிய வயிறாக இருந்தால் 90 கிராம் வரை, சர்க்கரையை நீரில் கரைத்துத் தருவது இன்றைய நடைமுறை. மணிக்கு 60 கிராம் என்று வைத்தால் 13 மணி நேர நீச்சலுக்கு முக்கால் கிலோவுக்கும் மேல். உப்புநீர் பட்டு நாக்கு தடித்து, வயிறு புரண்டு, அலையில் மிதந்தபடி அதை விழுங்கியாக வேண்டும். நல்ல வானிலையில் குளத்தில் நீந்திப் பழகிய வயிறு இதற்கு உதவாது. கொந்தளிப்பான நாட்களிலும் கடலில் இறங்கிப் பயிற்சி செய்வதன் நோக்கம் தோளை மட்டுமல்ல, வயிற்றையும் பழக்குவதே.

உண்ணும் முறையிலும் ஒரு கண்டிப்பு உண்டு. நீந்துபவர் படகையோ படகிலிருப்பவரையோ தொடக்கூடாது; தொட்டால் நீச்சல் செல்லாது. 1925-இல் கால்வாயில் நீந்திய கெர்ட்ரூட் ஈடர்லேயை, அவர் மூழ்குகிறார் என்று எண்ணிப் பயிற்சியாளர் ஆள் விட்டுப் பிடித்ததால் அந்த முயற்சி முடிந்துபோனது. தான் இளைப்பாறிக்கொண்டுதான் இருந்ததாக அவர் வாதாடினார். மறு ஆண்டு, கடல் சீறிய ஒரு நாளில், வேறொரு பயிற்சியாளர் வெளியே வரச் சொல்லியும் மறுத்து நீந்தி, கால்வாயைக் கடந்த முதல் பெண்ணானார். ஒரு முறை தோணியின் கணிப்பு தவறு. மறுமுறை தோணியின் அச்சத்தை நீந்தியவர் வென்றார். அதே பிடிவாதம் வேறொரு நாளில் உயிரையும் வாங்கியிருக்கலாம். எந்த நாள் எது என்று அறிவதே இக்கலையின் கடினமான பகுதி.

தொடாமல் ஊட்டுவதற்கு வழி, குப்பியைக் கயிற்றில் கட்டி எறிவது அல்லது கழியின் நுனியில் நீட்டுவது. அரை மணிக்கு ஒருமுறை நிறுத்துவதாகக் கொள்வோம். 13 மணி நேரத்தில் இருபத்தைந்து நிறுத்தங்கள். ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் என்றாலும் இருபத்தைந்து நிமிடம். மணிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் நீரோட்டம் எதிர்த்தால், உண்ணும் நேரத்திலேயே 800 மீட்டருக்கும் மேல் பின்னே போய்விடுவார். எனவே கயிற்றை எறிபவரின் கை பிசகினால், நீந்துபவர் அதற்குத் தொலைவால் விலை கொடுக்கிறார்.

*

1971 மார்ச்சில் வல்வெட்டித்துறையைச் சேர்ந்த குமார் ஆனந்தன் இந்தக் கடலைப் போகவும் வரவுமாக நீந்தினார். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு, அங்கிருந்து மீண்டும் தலைமன்னாருக்கு. 51 மணி நேரம். கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்ற அச்செயலால் ஆழிக்குமரன் என்ற பெயரையும் பெற்றார். சட்டம் படித்தவர்; உடலின் எல்லை எங்கே என்று தேடுவதையே வாழ்க்கையாக்கிக்கொண்டவர். 1979-இல் கொழும்பில் 187 மணி நேரத்துக்கும் மேல் இடைவிடாமல் சைக்கிள் ஓட்டினார். 1981-இல் சென்னை அண்ணா நீச்சல் குளத்தில் 80 மணி நேரம் மிதந்தார். 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் இறந்தார். ஏப்ரல் மாதப் பாக் நீரிணை வெதுவெதுப்பானது. அங்கே எதிரி வெயிலும் நீரிழப்பும். ஆங்கிலக் கால்வாய் கோடையிலும் 20 டிகிரியை எட்டாத நீர். தூரம் ஏறக்குறைய ஒன்றுதான் என்றாலும், குளிர்ந்த நீரில் உடல் உணவின் பெரும்பகுதியை வெப்பத்துக்கே செலவழிக்கிறது. ஒரு கடலில் கற்ற பாடம் மறு கடலில் அப்படியே செல்லாது.

அதே 1971-இல் நம் நாட்டின் மறுமூலையில் ஒன்று நடந்தது. வங்கதேசப் போரிலிருந்து தப்பி வந்தவர்கள் நிறைந்த போங்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோக, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் சர்க்கரையும் உப்பும் கலந்த நீரைப் பெரும் பீப்பாய்களில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். 30 விழுக்காடு வரை இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. சர்க்கரை குடலின் சுவரைக் கடக்கும்போது உப்பையும் நீரையும் கூடவே இழுத்துச் செல்கிறது என்பது அதன் அடிப்படை. நெடுந்தூரம் ஓடுபவரும் நீந்துபவரும் குடிக்கும் நீருக்கும் அடிப்படை இதுவே. வெறும் நீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் உப்பு தாழ்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதை, 1980-களில் தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் நெடுஓட்டத்தில் மயங்கி விழுந்தவர்களை ஆராய்ந்த டிம் நோக்ஸ் போன்றவர்கள் எடுத்துக்காட்டினார்கள். விளையாட்டு வீரரின் குப்பியும் அகதியின் குவளையும் ஒரே அறிவிலிருந்து நிரப்பப்பட்டவை.

அகதி என்ற சொல்லைச் சேர்க்காமல் இந்தக் கடலைப் பற்றி எழுத இயலாது. ஆனந்தன் நீந்தியபோது பாக் நீரிணையில் இரு நாடுகளும் ஒப்புக்கொண்ட எல்லைக்கோடே கிடையாது. அது 1974 ஒப்பந்தத்தில்தான் வந்தது. மன்னார் வளைகுடாவுக்கு 1976-இல். 1980-களில் இராமேசுவரம் - தலைமன்னார் கப்பலும் நின்றது. 1983-க்குப் பின் அதே வழியில் ஆயிரக்கணக்கானோர் இரவுகளில் படகேறி வந்தார்கள். அரிச்சல்முனைக்கு அப்பாலுள்ள மணல் திட்டுகளில் இறக்கிவிடப்பட்டு, குழந்தைகளோடு நிழலும் குடிநீரும் இன்றிக் காத்திருந்தவர்கள் பலர். 2022-இல் இலங்கையின் பொருளாதாரம் சரிந்தபோதும் அப்படி வந்தவர்கள் உண்டு. அவர்களுக்கும் அது 30 கிலோமீட்டர்தான். அவர்களுக்குக் கயிறு பிடிக்க யாரும் இல்லை.

போர்க்காலத்தின் நடுவேதான், 1994 ஏப்ரலில், பன்னிரண்டு வயதுச் சிறுவன் குற்றாலீசுவரன் இக்கடலைக் கடந்தார். அதே ஆண்டில் ஆறு நெடுநீச்சல்களை முடித்து, மிகிர் சென்னின் ஐந்தைத் தாண்டினார். 1996-இல் அர்ஜுனா விருதும் பெற்றார். ஆனால் செலவுக்கு ஆதரவு கிடைக்காமல் நீச்சலை விட்டுப் படிப்பின் பக்கம் திரும்பினார். படகு, எரிபொருள், அனுமதி, மருத்துவர், உணவு ஆகிய அனைத்தும் தோணியின் கணக்கில் வருபவை. நீந்துபவருக்கு மாலை போட்ட அளவுக்குத் தோணிக்குக் கூலி கொடுக்க ஆள் இல்லை. 2004-இல் புலா சௌத்ரி ஏறக்குறைய 14 மணி நேரத்தில் கடந்தார். 2021 ஏப்ரலில் இலங்கை விமானப்படையின் ரொஷான் அபேசுந்தர போகவர 59.3 கிலோமீட்டரை 28 மணி 19 நிமிடத்தில் முடித்து, ஆனந்தனின் ஐம்பதாண்டுச் சாதனையைத் தாண்டினார்.

*

ஐம்பத்தொன்று இருபத்தெட்டானது எப்படி? நீந்தியவரின் திறமையைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் இடையிலான ஐம்பது ஆண்டுகளில் தோணியின் அறிவு எவ்வளவோ வளர்ந்துவிட்டது. செயற்கைக்கோள் வழிகாட்டியும், காற்றை முன்கூட்டிச் சொல்லும் வானிலை அறிக்கையும், கிராம் கணக்கில் அளந்த சர்க்கரையும் உப்பும் இன்று படகில் ஏறுகின்றன. இவை எதுவும் இல்லாமல் நீந்திய நவரத்தினசாமியையும் ஆனந்தனையும் மணிக்கணக்கை மட்டும் வைத்து ஒப்பிடுவது முறையாகாது என்பதே என் கருத்து.

இக்கரை மீனவர்கள் கடலுக்குப் போகையில் கஞ்சியும் நீராகாரமும் கொண்டுபோவது பழைய வழக்கம். பழைய சோற்று நீரில் உப்பிட்ட அந்தப் பானத்தில் நீர், உப்பு, மாவுச்சத்து மூன்றும் உண்டு. விஞ்ஞானிகள் அளந்து சொன்ன விகிதம் அதில் இருக்கிறது என்று பெருமை பேச வேண்டாம். வெயிலிலும் உப்புக்காற்றிலும் நாள் முழுதும் உழைக்கும் உடலுக்கு வெறும் நீர் போதாது என்ற அறிவு அதில் இருக்கிறது. வாடை எது, கொண்டல் எது, எந்தக் காற்றுக்குப் படகைத் திருப்ப வேண்டும் என்ற அறிவும் அவர்களிடம்தான் இருக்கிறது.

நீந்துபவர்களுக்கு இரு அரசுகளும் எல்லையைத் தாண்டத் தாளில் அனுமதி தருகின்றன. கடற்படையும் கடலோரக் காவல்படையும் காவல் நிற்கின்றன. அந்தக் கோட்டைத் தாண்டிவிட்ட இராமேசுவரம் மீனவரோ படகை இழந்து சிறைக்குப் போகிறார். மன்னார்க் கரைத் தமிழ் மீனவருக்கு, இங்கிருந்து வரும் இழுவை மடிப் படகுகளால் வலை அறுந்து பிழைப்புக் கெடுகிறது. ஒரே கடல் சிலருக்குச் சாதனை, பலருக்கு வயிற்றுப்பாடு.

நீச்சல் பதிவுகளில் பெயர், தேதி, நேரம் ஆகியவற்றுடன் துணைத் தோணியை ஓட்டியவர், காற்றைப் பார்த்தவர், குப்பியை எறிந்தவர் ஆகியோரின் பெயர்களும் இனியேனும் சேர்க்கப்பட வேண்டும். பழைய நீச்சல்களில் உடன் போனவர்களில் எஞ்சியிருப்பவர்கள் பாம்பனிலும் இராமேசுவரத்திலும் வல்வெட்டித்துறையிலும் தலைமன்னாரிலும் இருக்கக்கூடும். உள்ளூர் வரலாற்றில் ஆர்வமுள்ள நண்பர்கள் அவர்களைத் தேடிச் சென்று, அந்த இரவுகளில் என்ன கொடுத்தார்கள், எப்போது அஞ்சினார்கள், நிறுத்திவிடலாம் என்று எப்போது நினைத்தார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது, காலம் அதிகம் இல்லை.